கொன்றவன் வாயால் சொல்ல வேண்டும்

யாலிம் முகாம்
மே 30

நிக்சனுக்கு,

அம்மா செத்துப்போய்விட்டாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை இறங்கியது. நம் ஊர் முழுக்க அதன் அடியில் கிடக்கிறது. நான் மேட்டுத் தோட்டத்தில் பன்றிகளுக்குக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன், அதனால் பிழைத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் நம் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரியவில்லை. இருந்தவர்கள் எல்லோருமாகக் கழியாலும் கையாலும் தோண்டினோம். யாருடைய கால் என்று தெரியாமலே ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நாலு குடும்பம் அழுதது. அம்மா கிடைக்கவில்லை.

போன் கோபுரமும் மண்ணுக்குள் போய்விட்டது. மிஷன் விமானம் ஓட்டும் வெள்ளைக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீயும் அவரிடமே கொடு.

இப்போது உன் அரசாங்கத்தின் கதையைக் கேள். ஹெலிகாப்டரில் ஒரு அதிகாரி வந்தார். விசிறியைக்கூட நிறுத்தவில்லை. ஆற்றோரத் தரையைக் கையால் காட்டி, "முகாமை அங்க போட்டுக்கோங்க" என்றார், போய்விட்டார். அது கூண்டேக்காரர்களின் நிலம். அப்பா காலத்திலிருந்து அவர்களுக்கும் நமக்கும் வெட்டுப்பழி இருக்கிறது, கேட்டிருந்தால் எவனும் சொல்லியிருப்பான். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சமாதானத்துக்கு ஒரு பன்றி அறுக்கவில்லை. அவர்களுடைய கிழங்குப் பாத்திகளை மிதித்து நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு படுத்தோம். அவர்களுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை.

முந்தாநாள் மத்தியானம் முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு லோய்சாவை உனக்கு நினைவிருக்கும், உன்னை "சப்பைமூக்கு" என்று கூப்பிடுவாளே, அவள்தான். மண்சரிவில் பிழைத்தவள். கூடாரக் கயிற்றில் கால் தடுக்கி விழுந்தாள், விழுந்த இடத்திலேயே அவள் மண்டையைப் பிளந்தார்கள். என் பாவாடையில் அவள் மூளை ஒட்டியிருந்தது, நான்தான் வழித்துப் போட்டேன். விமானத் திடலில் இருக்கிற போலீஸிடம் ஓடினோம். "வண்டியில டீசல் இல்ல, நாளைக்கு வாங்க" என்றார்கள்.

நீ பேரிடர் அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாய். எங்களுக்கு அரசாங்கம் என்றால் உன் ஒருத்தன் மூஞ்சிதான் தெரியும். அரிசி வேண்டாம், போர்வை வேண்டாம். காவலுக்கு ஆள் அனுப்பு.

தபிதா


தலைநகர்
ஜூன் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் படித்துவிட்டேன். பிறகு கழிப்பறையில் போய் நின்றேன். அம்மாவைப் பற்றி இப்போது எழுத என்னால் முடியாது, மன்னித்துக்கொள்.

காவல் விஷயம் பற்றிச் சொல்கிறேன். சிறப்புப் படையிலிருந்து ஒரு பிரிவு ஏற்கெனவே யாலிமுக்கு வந்திருக்கிறது. ஆனால் நிவாரணக் கிடங்கையும் விமானத் திடலையும் காப்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. அரிசி கொள்ளைபோனால் உதவி நாடுகள் கேள்வி கேட்கும் என்று எங்கள் இயக்குநர் பயப்படுகிறார். முகாமுக்கு அவர்களை மாற்றவேண்டும் என்று குறிப்பு வைத்திருக்கிறேன். முகாம் இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் பிழை நடந்திருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல். நம் ஆட்கள் பதிலுக்குப் பதில் இறங்கிவிட்டால் "அது பழங்குடிச் சண்டை, எங்களுக்கு என்ன" என்று இங்கே கையைக் கழுவிவிடுவார்கள்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை அக்கா. அதை மட்டும் நம்பு.

நிக்சன்


யாலிம் முகாம்
ஜூன் 9

நிக்சனுக்கு,

குறிப்பு வைத்தாயா? ரொம்ப சந்தோஷம். அந்தக் குறிப்பைக் கொண்டுவந்து கூடார வாசலில் கட்டு, கூண்டேக்காரன் படித்துப் பார்த்துத் திரும்பிப் போகட்டும்.

பொறுமையாக இருக்கச் சொன்னாய். இளவட்டங்களிடம் சொன்னேன். "லோய்சாக்கா மண்டையில இருந்தது மூளையா, மோரா?" என்று ஒருத்தன் கேட்டான்.  நாட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த கூண்டேக்காரன் ஒருவனைச் சுட்டு, தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் அவர்கள் வந்து முகாமில் பாதியைக் கொளுத்தினார்கள். தார்ப்பாய் எரிந்து உருகி மேலே சொட்டியதில் வெந்துபோனவர்களை நீ பார்க்க வேண்டும். உரிக்க உரிக்கத் தோலும் கூடவே வருகிறது. நர்ஸ் ஒரே ஒருத்தி, அவளிடம் இருப்பது உப்புத் தண்ணீர்.

அதே நாளில் மந்திரி வந்தார். எரியாத பக்கத்தில் நின்று ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்தார். அவரைக் காக்க எத்தனை துப்பாக்கி வந்தது தெரியுமா? அவரோடு வந்தது, அவரோடேயே ஏறிப் போய்விட்டது. நான் ஒரு கிழங்கை எடுத்து வீசினேன். அவர்மேல் படவில்லை, அதுதான் வருத்தம்.

தவாய் மாமா மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்லியனுப்பியிருக்கிறார். தங்கச்சி செத்ததற்குத் துக்கம் கேட்க ஆட்களோடு வருகிறாராம். பாதை அடைத்துக் கிடப்பதால்தான் தாமதம். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டவர், அவர் வரும்போதாவது இங்கே இரத்தம் இல்லாமல் இருக்க வேண்டும்.

தபிதா


தலைநகர்
ஜூன் 12

அக்கா,

நடந்துவிட்டது. நேற்று கூட்டத்தில் நான் கத்தினேன். பத்து வருடத்தில் முதல் முறை. இயக்குநரின் தேநீர்க் கோப்பை என் கை பட்டு உடைந்தது. எல்லோரும் என்னை மலைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள், பார்க்கட்டும். சாயங்காலமே கட்டளை வந்தது: கிடங்கிலிருந்து படை முகாமுக்கு மாறுகிறது. இந்தக் கடிதம் வருவதற்குள் அவர்கள் அங்கே நிற்பார்கள்.

கேப்டனோடு செயற்கைக்கோள் போனில் நானே பேசினேன். பாப்புவாக் கடற்கரைப் பையன்கள், நம் மொழி ஒருவனுக்கும் தெரியாது. கரி பூசி வந்தால் சண்டை, களிமண் பூசி வந்தால் துக்கம் என்று சொன்னேன். "சரிங்க, சரிங்க" என்றார். மொழிபெயர்க்க ஒரு ஆள் கேட்டிருக்கிறேன், அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொல்கிறார்கள்.

நீயும் ஒன்று செய். அவர்களை அந்நியர்களாக நடத்தவேண்டாம். இவர்கள் நிக்சனின் ஆட்கள், நம் வீட்டு ஆட்கள் மாதிரி என்று எல்லோரிடமும் சொல். கிழங்கு சுட்டுக் கொடு. நம் ஜனங்கள் யாரையும் ஒரு மனிதன் பெயரோடு சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள், உனக்குத் தெரியாததா?

மாமா வந்தால் என் கண்ணீரையும் சேர்த்து அழச் சொல். விடுப்பு கிடைத்தால் வருகிறேன்.

நிக்சன்


யாலிம் முகாம்
ஜூன் 17

நிக்சன்,

மாமாவைக் கொன்றுவிட்டார்கள். உன் ஆட்கள் கொன்றுவிட்டார்கள்.

நேற்று நல்ல மழை. மாமா வந்தார், அவர் மகன் ஹோசியாவும் மற்ற பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். உடம்பெல்லாம் களிமண், கையில் கோடாரி. தாய்வழிக்காரர்கள் எப்படி வருவார்கள் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோடாரியை ஓங்கி, "எங்க பொண்ணை ஏன் சாகவிட்டீங்க" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, வீட்டுக்காரன் மூக்குக்கு முன்னால் நிறுத்துவார்கள். வீட்டுக்காரன் கண்ணைச் சிமிட்டாமல் நிற்பான். பிறகு கோடாரியைக் கீழே போட்டுக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அப்படி வராவிட்டால் அம்மாவுக்கு என்ன மரியாதை?

மாமா முகாமின் ஓரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். "வீட்டுக்காரன்னு இங்க யாருடி இருக்கா?" என்று கேட்டார். அப்பா இல்லை, நீ வரவில்லை. "நிக்சனோட ஆளுங்க அதோ நிக்கறாங்க மாமா" என்றேன். "அப்ப அவங்களத்தான் கேக்கணும்" என்றார். அவருக்கு அதில் பெருமை. மருமகன் தன் இடத்தில் நிற்க ஆள் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தார்.

ஓடினார். அந்தப் பையன்களுக்கு நேராக, கோடாரியை ஓங்கிக்கொண்டு, அழுதுகொண்டே ஓடினார். முதல் குண்டு அவர் தாடையைப் பெயர்த்தது. அப்படியும் நிற்கவில்லை, நின்றால் துக்கம் குறைந்துபோகும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு எல்லாத் துப்பாக்கியும் சேர்ந்து சுட்டது. பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே விழுந்தார்கள். சேற்றில் களிமண்ணும் குடலும் ஒன்றாகக் கிடந்தது. நான் "துக்கம், துக்கம்" என்று நம் மொழியில் கத்துகிறேன், அவர்களுக்கு என்ன புரியும்? ஒரு சிப்பாய்ப் பையன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தான். அவனை மட்டும் நான் சபிக்கவில்லை.

சாயங்காலம்வரை பக்கத்தில் விடவில்லை. விட்டபோது மாமாவின் விரல்களைக் கோடாரியிலிருந்து பிரிக்க என்னால் முடியவில்லை.

தபிதா


தலைநகர்
ஜூன் 21

அக்கா,

வானொலியில் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்காது. "முகாமைத் தாக்க வந்த ஆயுதக் கும்பலை விரட்டியடித்து, நூற்றுக்கணக்கான உயிர்களைப் பாதுகாப்புப் படை காப்பாற்றியது." மந்திரி பாராட்டு சொல்லியிருக்கிறார். இயக்குநர் என்னை அழைத்துக் கைகுலுக்கினார். உன் பிடிவாதத்தால்தான் இது நடந்தது என்றார். நான் அந்தக் கையை உதறிவிட்டு, அது என் மாமா என்றேன்.  அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

கேப்டனைப் பிடித்தேன். களிமண் என்று சொன்னேனே என்றேன். "மழையில எது கரி, எது களிமண்ணுன்னு யார் பார்த்தா? கோடாரிய ஓங்கிட்டு வந்தான், சுட்டோம்" என்கிறார்.

ஒன்று கேட்கிறேன். நீ ஏன் அவர்களைக் காட்டினாய்? உனக்கு அவர்களைப் பார்த்தாலே தெரிந்திருக்குமே, நடுங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் என்று. மாமாவைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நானே வீட்டுக்காரி என்று நீ போய் நின்றிருக்கலாம். எனக்குத் தூக்கம் இல்லை. இதையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

நிக்சன்


யாலிம் முகாம்
ஜூன் 24

நிக்சனுக்கு,

ஆமாம், நான்தான் காட்டினேன். நம் வீட்டு ஆட்கள் என்று சொல்லச் சொன்னது யார்? கிழங்கு சுட்டுக் கொடுக்கச் சொன்னது யார்? கொடுத்தேன். அந்தக் கேப்டன் என் கையால் வாங்கித் தின்றான். இனி இதைப் பற்றி நீயும் கேட்காதே, நானும் கேட்கவில்லை. இல்லாவிட்டால் நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தின்றுவிடுவோம். மலைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த ஜனங்களை எதிரி நிலத்தில் படுக்கவைத்தவன் சுகமாக இருக்கிறான், நீயும் நானும் அடித்துக்கொண்டு சாகவேண்டுமா?

ஹோசியா நேற்று வந்தான். அப்பன் செத்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். தொடையில் குண்டு இருக்கிறது, சீழ் வைத்திருக்கிறது, நர்ஸைத் தொடவிடவில்லை. "கொன்னவன் எங்க முன்னால வந்து நின்னு, நாங்கதான் கொன்னோம்னு வாயால சொல்லணும். சொன்னா பன்றி குடுத்து சமாதானம் பேசலாம். சொல்லலைன்னா, அவங்களை அனுப்பினவன் தலை எங்களுக்கு வேணும்" என்றான். யாரைச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை. அவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சான் மச்சான் என்று உன் பின்னாலேயே சுற்றியவன்தான்.

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கொன்றதை ஒப்புக்கொள்ளாதவனோடு எவனும் பக்கத்தில் வாழ முடியாது, கூண்டேக்காரன்கூட லோய்சாவைக் கொன்றது யார் என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கத்திச் சொல்லிவிட்டான். உன் அரசாங்கத்துக்கு மட்டும்தான் வாய் இல்லை. வானொலியில் பேச வாய் இருக்கிறது, இங்கே வந்து பேச இல்லை.

கேப்டன் வந்து சொல்லட்டும், இல்லை மந்திரி வரட்டும். நீ வராதே. அம்மாவும் போய், மாமாவும் போய், நீயும் போனால் நான் யாருக்கு எழுதுவேன்? வராதே.

அக்கா


தலைநகர்
ஜூன் 27

அக்கா,

எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். கேப்டன் தன் படையோடு வேறு மாகாணத்துக்கு மாற்றலாகிவிட்டார். மந்திரியின் உதவியாளர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். இயக்குநர், "ஒப்புக்கிட்டா வழக்கு வரும்யா, புரிஞ்சுக்கோ. ஒரு லாரி அரிசி அனுப்பறேன், நீ போய்க் குடுத்துட்டு வா" என்றார். அந்த மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. ஒரு மனிதனின் குரல்வளையை நெரிக்க வேண்டும் என்று என் கைக்குத் தோன்றியது அப்போதுதான் முதல் முறை. மேசைக்கு அடியில் கையை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வருகிறேன். அரிசி இல்லாமல் வருகிறேன். வேலையை விட்டுவிட்டு வரலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் வெறும் நிக்சன் வந்து சொன்னால் அதற்கு என்ன எடை இருக்கிறது? முத்திரை போட்ட அரசாங்க மேல்சட்டையை மாட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை மிஷன் விமானத்தில் இடம் கேட்டிருக்கிறேன். திடலுக்கு வராதே.

நிக்சன்


யாலிம் முகாம்
ஜூலை 5

என் தம்பி நிக்சனுக்கு,

நீ உயிரோடு இருப்பதாக விமானக்காரர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தாயாம். இதைப் படித்ததும் கிழித்துப்போடு, நர்ஸிடம்கூடக் காட்டாதே.

நீ விழுந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதைச் சொல்கிறேன். நீ வரவேண்டாம் என்றாய், நான் வராமல் இருப்பேனா? நீ வரும் சேதி கேட்டு மாமா ஊரே திடலுக்கு வந்திருந்தது, நான் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். நீ அந்தச் சட்டையோடு நடுத்திடலில் நின்று, "தவாயை நாங்கதான் கொன்னோம். அரசாங்கம்தான் கொன்னுது. தப்பு எங்களோடது" என்று சொன்னாயே, அது கடைசி வரிசையில் நின்ற கிழங்களுக்கும் கேட்டது. இத்தனை வருடத்தில் அரசாங்கம் இங்கே சொன்ன ஒரே உண்மை அதுதான். ஹோசியா நொண்டிக்கொண்டே ஓடிவந்தான். மூக்குக்கு முன்னால் நிறுத்துவான் என்றுதான் நான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்தானாம், கை நிற்கவில்லை என்கிறான். நீ கண்ணைச் சிமிட்டவில்லை. கையை மட்டும் தூக்கினாய். அது போய்விட்டது.

அத்தைதான் முதலில் உன்மேல் விழுந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள், தன் துக்கத் துணியைக் கிழித்து உன் கையைக் கட்டினாள். "போதும்டா, இவன் சொல்லிட்டான், இரத்தமும் குடுத்துட்டான். இனி எவனாவது கோடாரியத் தூக்கினா என்னை முதல்ல வெட்டுங்க" என்றாள். ஹோசியா கோடாரியை ஆற்றில் எறிந்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். அவனும் மற்ற பையன்களும்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்கு ஓடினார்கள். நமக்குள் முடிந்துவிட்டது, நிக்சன். பன்றி பேச நாள் குறித்துவிட்டார்கள்.

முடிந்தது என்றுதான் இருந்தேன். மறுநாளே ஹெலிகாப்டர் இறங்கியது. லோய்சா செத்தபோது டீசல் இல்லை, முகாம் எரிந்தபோது கட்டளை இல்லை. அரசாங்கச் சட்டை போட்டவன் கை போனதும் ஒரே நாளில் எல்லாம் கிடைத்துவிட்டது. புதுக் கேப்டன். "அதிகாரிய வெட்டின ஊர் எது, காட்டு" என்றார். மாமா ஊரைத்தான் கேட்கிறார். அங்கே இப்போது இருப்பது விதவைகளும் காயம்பட்டவர்களும். ஹோசியா மலைக்கு ஓடிவிட்டான். அவர்கள் அந்த ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று நீயே நினைத்துப் பார்.

"யாரும் வெட்டல. என் தம்பி விறகு வெட்டும்போது தன் கையத் தானே வெட்டிக்கிட்டான்" என்றேன். அவர் சிரித்தார். "வலது கையால கோடாரி பிடிக்கறவனுக்கு வலது கை எப்படி போகும்?" என்றார். "அவன் இடது கைக்காரன்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள், அத்தை உட்பட. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூண்டேக்காரர்களும் ஆமாம் என்றார்கள், அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

உன்னிடம் நேரில் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். துப்பாக்கிக்காரர்களை இங்கேயே விட்டுப் போயிருக்கிறார். அவர் வந்தால் நான் சொன்னதையே சொல். உண்மை சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தாய், தெரியும். இந்த ஒரு பொய்யைச் சொல்லிவிடு, சாமி.

தபிதா


ஆஸ்பத்திரி
ஜூலை 8

அக்கா,

கேப்டன் நேற்று வந்தார். இயக்குநரும் கூட வந்தார். விறகு வெட்டும்போது என்றேன். யாரைக் கண்டு பயப்படுகிறாய் என்று கேப்டன் கேட்டார். உங்களைக் கண்டுதான் என்று சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை. வாக்குமூலத்தை நீட்டி, "இடது கைக்காரன்தானே, போடுங்க கையெழுத்து" என்றார். போட்டேன். என் பெயரை எழுத அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. பேனா இரண்டு முறை விழுந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார். "மருந்து மயக்கமா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

அவர் நம்பவில்லை. இயக்குநரைப் பார்த்தார். வழக்கை முடித்துவிடலாம் என்று இயக்குநர் தலையசைத்தார். அதிகாரியைத் திடலில் வெட்டினார்கள் என்றால், அவன் அங்கே என்ன பேசினான் என்று வானொலிக்காரன் கேட்பானே. படையைத் திரும்ப அழைக்க அங்கேயே போன் போட்டார்கள். நான் காதால் கேட்டேன்.

அவர்கள் போன பிறகுதான் அழுதேன். கை இல்லாத இடத்தில் விரல் வலிக்கிறது. இந்தக் கடிதத்தை எழுத காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஹோசியாவை மலையிலிருந்து இறங்கி வரச் சொல். தொடையில் இருக்கும் குண்டை எடுக்கட்டும்.

நிக்சன்